மதலேனா ரீச்சரின் வெள்ளிக்கிழமை வகுப்பு

மதலேனா பத்தொன்பது வருடங்களாக வரலாறு படிப்பிக்கிறவர். மன்னார்த் தீவில், கீரிக் கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் பத்துக்கு வகுப்பாசிரியை. ஒரு கல்வெட்டு என்ன சொல்கிறது, அதை வெட்டுவித்தது யார், அப்படி வெட்டுவித்ததால் அவருக்கு என்ன லாபம் என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கேட்க வைப்பவர். அப்படிப்பட்டவர்தான் போன வருடம் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், இடைவேளை மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, தன் கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியை முழுதாக வாசிக்காமலே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

பிள்ளை பிடிக்கிற கும்பல் ஒன்று நீல நிற வான் வண்டி ஒன்றில் தீவுக்குள் வந்திருக்கிறது என்பதுதான் செய்தி. கூடவே ஒரு படம். கைகள் கட்டப்பட்ட நாலைந்து குழந்தைகள் ஒரு வானுக்குள் குந்தியிருந்தார்கள். அனுப்பியது மதலேனாவின் மச்சாள். மச்சாளுக்கு யார் அனுப்பினார்கள் என்று மதலேனா கேட்கவில்லை. குழுவில் நாற்பத்தொரு பெற்றோர் இருந்தார்கள். அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அன்று பின்னேரம் மூன்று மணியளவில் மீராசாஹிபு என்ற வியாபாரியின் வானைத் தீவின் ஒரு சந்தியில் மறித்தார்கள். அவர் தீவுக்கு வெளியே மறிச்சுக்கட்டி என்ற ஊரைச் சேர்ந்தவர். வாளி, கடகப்பெட்டி, பிளாஸ்ரிக் கதிரை என்று ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். வான் நீல நிறம். வழி கேட்பதற்காக ஒரு சிறுமியைக் கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. பொலிஸ் வந்து சேர்வதற்குள் வான் கண்ணாடிகள் நொறுங்கியிருந்தன. மீராசாஹிபுவின் இடது கை முறிந்து, காதிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. வானுக்குள் வாளிகளைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு மாணவனின் தகப்பன் பாடசாலை வாசலில் நின்று இந்தக் கதையைச் சொன்னார். அவரும் அந்தச் சந்தியில் நின்றவர்.

"முதல்ல கொஞ்சப் பேர் பொய்யாயிருக்கும், விடுங்கோடா எண்டுதான் சொன்னவை. பிறகு ஒருத்தன் போனைக் காட்டினான். ரீச்சரே அனுப்பியிருக்கிறா, அப்ப பொய்யாயிருக்குமோ எண்டு கேட்டான். அதோட எல்லாரும் பாய்ஞ்சிட்டாங்கள்."

அவர் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். மதலேனா அன்று முதலாம் பாடவேளைக்குப் போகவில்லை. ஆசிரியர் அறையில் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தார். யாராவது கதைத்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மீன்பிடிப் படகுகளின் வெளி இணைப்பு மோட்டர்களைத் திருத்துகிறவர் அவருடைய கணவர் கிறிஸ்ரி. மறிச்சுக்கட்டிக்குப் போகப்போகிறேன் என்று மதலேனா சொன்னபோது அவருக்கு விருப்பமில்லை.

"அந்தச் செய்தியை நீ மட்டுமோ அனுப்பினனி? ஊரே அனுப்பினது. போய் நான்தான் எண்டு சொல்லி ஏன் மாட்டுப்படுறாய்?"

"ஊர் அனுப்பினதை ஆரும் நம்பேல்லை, கிறிஸ்ரி. நான் அனுப்பினதைத்தான் நம்பினவை."

சனிக்கிழமை காலை பஸ் எடுத்தார். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து, சிலாவத்துறையைத் தாண்டி, மறிச்சுக்கட்டியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனார். வீட்டு முற்றத்தில் கண்ணாடி இல்லாத வான் நின்றது. மீராசாஹிபு கையில் கட்டோடு உள்ளே படுத்திருந்தார். அவருடைய மனைவி ஸரீனா கதவடியிலேயே நின்று கேட்டார்.

"நீங்க ஆரு?"

மதலேனா தன் பெயரையும் வேலையையும் சொன்னார். தான் அனுப்பிய செய்தியைச் சொன்னார். ஸரீனா கதவை மூடவுமில்லை, வாங்கோ என்று கூப்பிடவுமில்லை.

"படிச்சவங்க நீங்க. எங்கட மனுசன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவர்கூட இப்பிடி ஒண்ட அனுப்பமாட்டார்" என்றார்.

உள்ளேயிருந்து மீராசாஹிபு கூப்பிட்டார். ஸரீனா விலகி வழிவிட்டார். மதலேனா கதிரையின் விளிம்பில் இருந்து மன்னிப்புக் கேட்டார். மீராசாஹிபு அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கூரையைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரீச்சர், அந்தப் படத்தில இருந்த புள்ளையள் ஆரு? எந்த ஊர்ப் புள்ளையள்?"

"எனக்குத் தெரியாது, மீராசாஹிபு நானா."

"பாத்தீங்களா, எனக்கும் அதுதான் யோசனை. அடிச்சவனுக்கும் தெரியாது. அடி வாங்கின எனக்கும் தெரியாது. அனுப்பின உங்களுக்கும் தெரியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் மதலேனா அந்தப் படத்தை எடுத்துத் தேடத் தொடங்கினார். படத்தைக் கொடுத்து அது வேறெங்கே வந்திருக்கிறது என்று தேட முடியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. இரண்டு தரம் இணைப்பு அறுந்தது. மூன்றாம் தரம் கிடைத்தது. ஏழு வருடங்களுக்கு முன்னால் வேறொரு நாட்டில், குழந்தைகளைப் பாதுகாப்பது பற்றிய தெரு நாடகத்துக்காக எடுத்த படம் அது. கட்டியிருந்தது சாயம் பூசிய பஞ்சுக் கயிறு. இன்னொரு படத்தில் அதே பிள்ளைகள் நாடகம் முடிந்து சிரித்துக்கொண்டு ஐஸ்பழம் சாப்பிட்டார்கள். நேரத்தைப் பார்த்தார். தேடத் தொடங்கிப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் குழுவில் எழுதினார்: "செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய செய்தி பொய். அதை நான் சரிபார்க்கவில்லை. அதனால் ஒரு மனிதர் அடிபட்டார். படம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரத்தை இதோடு அனுப்புகிறேன்." கீழே தன் பெயரைப் போட்டார். எட்டுப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், "விடுங்கோ ரீச்சர், எல்லாரும் செய்யிறதுதானே" என்று எழுதினார்.

எல்லோரும் செய்கிறதுதான் என்பதுதான் அவரை வருத்தியது.

திங்கட்கிழமை பாடசாலை அதிபர் கிறகரி மதலேனாவைத் தன் கந்தோருக்கு அழைத்தார். பாடசாலையின் பெயரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள் என்று கேட்டார். மதலேனா, தனக்குக் கிழமைக்கு ஒரு பாடவேளை வேண்டும் என்றார்.

"என்னத்துக்கு?"

"இணையத்தில ஒண்டைத் தேடுறது எப்பிடி, கிடைக்கிறதை நிறுத்துப் பாக்கிறது எப்பிடி எண்டு படிப்பிக்க."

"ரீச்சர், சோதனைக்குப் பாடம் முடிக்கவே நேரம் காணாது. அதுக்குக் கொம்பியூட்டர் பாடம் கிடக்குத்தானே?"

"அதில எந்தப் பொத்தானை அமத்திறதெண்டு படிப்பிக்கினம், சேர். வந்ததை நம்பலாமோ எண்டு ஆரும் படிப்பிக்கிறதில்லை."

அதிபர் ஒத்துக்கொள்ளவில்லை. மதலேனா அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். கடைசியில், பாடசாலை முடிந்த பிறகு, விரும்புகிற பிள்ளைகளோடு, நூலக அறையில் செய்துகொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அங்கே நான்கு கணினிகள் இருந்தன. இரண்டு வேலை செய்தன.

முதல் வெள்ளிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். மதலேனா அவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டம், நீரிழிவைப் பற்றி, "பாகற்காய்ச் சாறு சீனி வருத்தத்தை மாற்றும்" என்று தேட வேண்டும். மற்றக் கூட்டம், "சீனி வருத்தமும் பாகற்காயும் ஆய்வு" என்று தேட வேண்டும். முதல் கூட்டத்துக்கு வந்ததெல்லாம் சாறு குடித்தால் சுகமாகும் என்றே சொன்னது. இரண்டாவது கூட்டத்துக்கு, மருந்தை நிறுத்தக் கூடாது என்று வைத்தியர்கள் எச்சரித்திருக்கும் பக்கங்கள் வந்தன. பிள்ளைகள் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரே இணையந்தானே, ரீச்சர்? ஏன் ரெண்டு விதமாச் சொல்லுது?" என்று அஞ்சலா கேட்டாள். முன் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். தகப்பன் கடற்றொழில் செய்கிறவர்.

"நீங்கள் கேள்விக்குள்ளேயே மறுமொழியையும் வைச்சுக் கேட்டனியள். அது அதைத் தேடி எடுத்துத் தந்திட்டுது. திரையில எல்லாத்துக்கும் மேல மெசின் தானா எழுதித் தாற சுருக்கமும் அப்பிடித்தான். அது எதைப் பாத்து எழுதினதெண்டு கீழ இறங்கிப் பாக்கோணும்."

அடுத்த கிழமைகளில் அவர் வற்புறுத்திய பழக்கம் ஒன்றுதான். ஒரு பக்கத்தை நம்பலாமா என்று பார்க்க அந்தப் பக்கத்திலேயே நிற்காதே, வெளியே வா. அதை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடத்தில் தேடு. "தங்களைப் பற்றி ஆரும் குறையாச் சொல்லமாட்டினம்" என்பார். பிள்ளைகளின் எண்ணிக்கை பதினாறிலிருந்து ஒன்பதானது. ஒரு கிழமை ஐந்து பேர்தான் வந்தார்கள். ஐந்து பேருக்கும் முழு நேரம் படிப்பித்தார்.

புரட்டாதியில் மதலேனா மீராசாஹிபுவுக்குத் தொலைபேசி எடுத்து, வகுப்புக்கு வந்து கதைக்க முடியுமா என்று கேட்டார். அவர் முடியாது என்றார். "நான் வந்து புள்ளையளுக்கு முன்னால அழுதுகாட்ட ஏலாது, ரீச்சர்." மதலேனா திரும்பக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை மன்னார் நகரில் முடித்துக்கொண்டு, அவராகவே நூலக வாசலில் வந்து நின்றார். கை நேராகியிருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார் பிள்ளைகளைப் பார்த்து. "என்ட பேரையும் ஊரையும் போட்டுத் தேடுங்க. என்ன வருதெண்டு வாசிச்சுக் காட்டுங்க."

அஞ்சலா தேடினாள். முதலில் வந்தது ஒரு பேஸ்புக் பதிவு. உடைந்த வான், அதன் பக்கத்தில் நிலத்தில் இருக்கும் மீராசாஹிபு. மேலே எழுதியிருந்தது: "பிள்ளை பிடித்தவன் கையும் களவுமாகப் பிடிபட்டான்." இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பகிர்ந்திருந்தார்கள். அவளுக்குச் சத்தமாக வாசிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்தினாள்.

"வாசிங்க, மகள். அது நான்தான்."

வாசித்து முடித்தாள். அவர் குற்றமற்றவர் என்று பொலிஸார் விட்டுவிட்ட செய்தி எங்கேயாவது இருக்கிறதா என்று பிள்ளைகள் தேடினார்கள். ஒரு சின்னச் செய்தித்தளத்தில் நான்கு வரி இருந்தது. அதை மூன்று பேர் பகிர்ந்திருந்தார்கள்.

மீராசாஹிபு எழுந்தார். "என்ட மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறம். வாறவங்க முதல்ல இதைத்தான் பாப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வகுப்பிலிருந்து ஒருவரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. பதிவை முறையிடுவது எப்படி என்று கண்டுபிடித்தார்கள். பதிவு போட்ட பக்கங்களுக்கு, நான்கு வரிச் செய்தியின் இணைப்போடு கடிதம் எழுதினார்கள். மறுமொழி வரவில்லை. அடுத்த வெள்ளியும் எழுதினார்கள். ஏழாவது கிழமையில் முதல் பதிவு நீக்கப்பட்டது. அதே படத்தோடு இன்னும் ஐந்து பதிவுகள் இருந்தன. அவற்றில் இரண்டைத்தான் இன்றுவரை நீக்க முடிந்திருக்கிறது. மீதி மூன்றுக்கும் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் வகுப்பில் படித்ததாலேயே ஒரு தவறு நடந்தது. ஐப்பசி மழையில் வெள்ளம் நின்று வடிந்த பிறகு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கையால் எழுதிய அறிவித்தல். பொதுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று இருந்தது. இரண்டு எழுத்துப் பிழைகள். முத்திரை இல்லை. அஞ்சலா அதைப் பார்த்து, தாய் யசிந்தாவிடம், "இது பொய்யம்மா. முத்திரையுமில்லை, எழுத்தும் பிழை" என்றாள். யசிந்தா மகளை நம்பினார். மூன்றாம் நாள் அஞ்சலாவின் தங்கை வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அறிவித்தல் உண்மையானது. சுகாதாரப் பரிசோதகர் கிணற்றடியில் நின்று, நனைந்த கையோடு எழுதி ஒட்டியது.

யசிந்தா பாடசாலைக்கு வந்தபோது இரண்டாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. வகுப்பு வாசலில் நின்றே கத்தினார்.

"நீங்கள் அனுப்பின பொய்யால ஒரு மனிசன்ர கை முறிஞ்சுது. நீங்கள் படிப்பிச்ச பாடத்தால இப்ப என்ர பிள்ளை சேலைன் ஏத்திக்கொண்டு கிடக்குது. காணும் ரீச்சர், விட்டிடுங்கோ!"

பிள்ளைகள் எல்லோரும் மதலேனாவைப் பார்த்தார்கள். அவர், "ஓம் அக்கா, பிழை என்னிலதான். பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வாறன்" என்றார்.

போனார். சின்னவள் கட்டிலில் எழுந்திருந்து பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபத்து நீங்கிவிட்டது. அஞ்சலா வெளியே மரவாங்கில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் இனி வரமாட்டன், ரீச்சர். ஒண்டையும் பாத்துச் சொல்லவும் மாட்டன்."

மதலேனா பக்கத்தில் இருந்தார். "நான் உங்களுக்குச் சந்தேகப்படப் படிப்பிச்சிட்டன். சரிபார்க்கப் படிப்பிச்சது காணாது. நீ கடதாசியை மட்டும் பாத்தாய். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டாய். நானும் அண்டைக்கு அதைத்தான் செய்தனான். நான் உண்மையெண்டு நினைச்சன், நீ பொய்யெண்டு நினைச்சாய். வித்தியாசம் அவ்வளவுதான்."

"அப்ப என்ன செய்திருக்கோணும்?"

"அதை எழுதினவரை ஒருக்காக் கேட்டிருக்கோணும். கேட்டு முடிக்கிற வரைக்கும் தண்ணியைக் கொதிக்க வைச்சிருக்கோணும்."

அன்று வீட்டுக்கு வந்து, அதுவரை தயாரித்து வைத்திருந்த பாடங்களை மதலேனா ஒதுக்கி வைத்தார். வெள்ளிக்கிழமை கரும்பலகையில் கோடு கீறி மூன்று பத்திகளாகப் பிரித்தார்: உண்மை, பொய், இன்னும் தெரியாது. மூன்றாவதில் விழுகிற ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள். யாரைக் கேட்கலாம்? தெரியும்வரை எப்படி இருந்தால் ஆபத்தில்லை? பிள்ளைகள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். கிராம அலுவலர், சுகாதாரப் பரிசோதகர், மீன்பிடிக் கந்தோர், அனர்த்த முகாமைத்துவம், வளிமண்டலவியல் திணைக்களம். இணையத்தில் கிடைத்த இலக்கங்களை அப்படியே எழுத மதலேனா விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அழைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு இலக்கங்கள் வேலை செய்யவில்லை. ஒன்று கொழும்பிலுள்ள ஒரு தையற்கடைக்குப் போனது. சரியான இலக்கங்களைத் தேடிப் பிடிக்க இரண்டு கிழமை சென்றது. அந்த இரண்டாவது கிழமை அஞ்சலா வந்து பின் கதிரையில் இருந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் புயல் ஒன்று வடக்கே நகர்ந்தது. அன்று காலை ஊர்க் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பின்னேரம் ஐந்து மணிக்குக் கடல் ஊருக்குள் வரும், எல்லோரும் பாலத்தைக் கடந்து ஓடுங்கள் என்று யாரோ ஓர் ஆண் பதறிக்கொண்டு சொன்னார். சில வீடுகளில் சாமான்களை ஓட்டோவில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பாடசாலைகள் பூட்டியிருந்தன. வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து பட்டியலைப் பார்த்து அழைத்தார்கள். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஊர்க் குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவள் அஞ்சலா.

"காலை 10.20க்கு அனர்த்த முகாமைத்துவத்திடமும் மீன்பிடிக் கந்தோரிடமும் கேட்டோம். பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம் என்பது உண்மை. கரையோரம் தாழ்ந்த வீடுகளில் உள்ளவர்கள் பாடசாலை மண்டபத்துக்குப் போகலாம், அது திறந்திருக்கிறது. கடல் ஊருக்குள் வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. குரல் பதிவில் பேசுபவர் யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. ஒரு மணிக்குத் திரும்பக் கேட்டு எழுதுவோம்."

ஒரு மணிக்கு எழுதினாள். நாலு மணிக்கும் எழுதினாள். ஓட்டோவில் ஏற்றிய சாமான்களைச் சிலர் இறக்கினார்கள். கரையோரத்து வீடுகளிலிருந்து இருபது குடும்பங்கள் மண்டபத்துக்குப் போயின. ஏழு கூரைகள் பறந்தன, இரண்டு தோணிகள் உடைந்தன. ஆட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அன்று நாலு மணிக்குச் சற்று முன்பு யசிந்தா மதலேனாவுக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். "பிள்ளை விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை, ரீச்சர். நாலு மணிக்குக் கேட்டு எழுதிப்போட்டுத்தான் சாப்பிடுவாளாம். நீங்கள் சொன்னால் கேப்பாள், ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். குரலில் கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

தை மாதம் அதிபர் கிறகரி வகுப்பைப் பாடசாலை நேரசூசியில் ஒரு பாடவேளையாகச் சேர்த்தார். அதே மாதம் மதலேனாவுக்கு இடமாற்றக் கடிதமும் வந்தது. பெருநிலத்தில் உயிலங்குளப் பக்கம், வயல்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பாடசாலை. மேன்முறையீடு செய்யலாம் என்று கிறிஸ்ரி சொன்னார். மதலேனா யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றார். தீவில் வகுப்பை இளம் ஆசிரியர் ஒருவர் எடுத்துக்கொண்டார். முதல் மாதம் அஞ்சலாவும் மற்றவர்களும்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

புதிய பாடசாலையில் வேலை செய்கிற கணினி ஒன்றுகூட இல்லை. மதலேனா தன் கைத்தொலைபேசியையும், சந்தியில் வாங்கிய இரண்டு நாளிதழ்களையும் மேசையில் வைத்துத் தொடங்கினார். முதல் நாளே ஒரு பிள்ளை, நெற்பயிரில் விழுகிற ஒரு புழுவுக்கு என்ன தெளிக்க வேண்டும் என்று தகப்பனுக்கு வந்திருந்த காணொளி ஒன்றைச் சொன்னாள். அது சரியா, ரீச்சர் என்று கேட்டாள்.

"எனக்கு வயலைப் பற்றி ஒண்டும் தெரியாது, பிள்ளை" என்றார் மதலேனா. "கதிரையளைக் கிட்ட இழுங்கோ. தேடிப் பாப்பம்."